ஆடிக்காற்றில் வந்த ஜே.ஜே.

பூவுக்குத் தாமதம் ஆகாது. தோவாளையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டோடு பறித்த மல்லிகை மொட்டு, வாய் திறப்பதற்குள் சந்தைக்கு வந்து, விலை பேசி, கைமாறி, கேரளத்துக்குப் போகும் லாரியில் ஏறிவிட வேண்டும். ஆரல்வாய்மொழி, குமாரபுரம், ஆவரைகுளம் பக்கமிருந்து பிச்சியும் மல்லிகையும் வரும். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கூடை கூடையாக இறங்கும். ஓசூரிலிருந்து ரோஜா வரும். எந்த வண்டி எங்கே பிந்தினாலும் அந்த நஷ்டம் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில் தெரியும். என் அப்பா பூக் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். லாரி பிந்திய நாளில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கேட்காமலே போய்விடுவோம்.

அந்த ஊரில் இருந்துகொண்டு, என் வாழ்க்கையின் ஆகப் பெரிய லாபம் ஒரு தாமதத்தில் வந்தது என்று சொல்கிறேன். 1982, ஆடி மாதம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். மேற்குத் தொடர்ச்சி மலை இந்தப் பக்கம் வந்து இறங்கி முடிகிற இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. இந்தப் பக்கம் வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் முட்டி மோதித்தான் கிழக்கே போகவேண்டும். இன்று முப்பந்தலைச் சுற்றி வரிசையாகக் காற்றாலைகள் நின்று அதை மின்சாரமாக்குகின்றன. அவை வரத் தொடங்கியது எண்பதுகளின் பிற்பகுதியில். அதற்கு முன்பு அந்தக் காற்று வாழையைச் சாய்க்கும், ஓட்டைப் பிரிக்கும், மரத்தைப் பிடுங்கிச் சாலையில் போடும். அன்றைக்கு ஆரல்வாய்மொழியைத் தாண்டி அப்படி ஒரு மரம் விழுந்துவிட்டது. திருநெல்வேலி போகும் பஸ் எதுவும் போகவில்லை, வரவேண்டியதும் வரவில்லை. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் பாதை 1981-லேயே வந்துவிட்டது என்றாலும் எங்களுக்குக் கால் பழகியது சாலையோரம்தான். அக்கா வீட்டுக்குப் போகவேண்டிய நான், அம்மா கட்டிக்கொடுத்த பையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எதிர்த் திண்ணையில் ஓர் அக்கா பிச்சி கட்டிக்கொண்டிருந்தார். மடியில் ஈரத்துணி, துணியில் மொட்டு. இடது கையின் இரண்டு விரலுக்கிடையில் வாழைநார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு ஒரு இழுப்பு. கண் தெருவில் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். கட்டிய சரம் பக்கத்தில் சுருண்டு சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது.

“எப்பம் வருமாம் அக்கா பஸ்?”

“ஆருக்குத் தெரியும் மக்கா? மரத்தை வெட்டி மாத்துனாத்தான் வரும்.”

இந்தப் பதிலைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாது. கால் மணி நேரத்தில் வரலாம், ராத்திரி வரலாம், வராமலே போகலாம். வீட்டுக்குத் திரும்பிப் போனால் அந்த நேரம் பார்த்து வந்துவிடலாம். ஆகவே அங்கேயேதான் இருக்கவேண்டும். வேறு எந்த வேலைக்கும் உதவாத, கணக்கில் வராத ஒரு பொழுது என் கையில் மொத்தமாகக் கிடந்தது.

பெஞ்சின் மறுகோடியில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். காற்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். அட்டை என் பக்கம் இருந்தது. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ என்று போட்டிருந்தது. அப்படி ஒரு தலைப்பை நான் பார்த்ததே இல்லை. அது நாவலா, கட்டுரையா, பரீட்சைக்கு உதவும் நோட்ஸா என்று கூடப் பிடிபடவில்லை. அவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“படிக்கியாப்பா?”

“உங்களுக்கு வேணுமே சார்.”

“எனக்கு இது ரெண்டாவது வாட்டி. நீ முதல்ல இருந்து வாசி.”

கொடுத்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

அதுவரை நான் படித்தது கொஞ்சமில்லை. தொடர்கதைகளைக் கிழித்து அம்மா தைத்து வைத்திருந்த கல்கி, கல்லூரி நூலகத்தில் ஜெயகாந்தன், அப்புறம் எங்கள் தோவாளைத் தாலுகாவிலேயே வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடன் 1977-ல் எழுதிய ‘தலைகீழ் விகிதங்கள்’. எங்கள் வீட்டுப் பேச்சை அச்சில் பார்த்து முதன்முதலாக உடம்பு சிலிர்த்தது அந்த நாவலில்தான். ஆனால் கதை என்றால் ஒருவர் பிறந்து, ஆசைப்பட்டு, அடிபட்டு, ஏதோ ஒரு கரையில் ஒதுங்குவது என்ற எண்ணத்தை அதுவும் மாற்றவில்லை. இந்தப் புத்தகமோ ஒரு சாவில் தொடங்கியது. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5-ஆம் தேதி இறந்துபோகிறார். அதற்கு முந்தைய நாள்தான் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்திருந்தார். ஜே.ஜே.யின் வாழ்க்கை வரலாற்றை எழுத முயலும் பாலு என்ற தமிழ் எழுத்தாளர் நம்மோடு பேச ஆரம்பிக்கிறார். சம்பவம் நகரவில்லை, சிந்தனை நகர்ந்தது. ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போகமுடியாமல் தலையை நிமிர்த்தினால் எதிரே பிச்சிச் சரம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

அவர் டீயோடு வந்தபோது கேட்டேன்: “இந்த ஜே.ஜே. ஆரு சார்? கேள்விப்பட்டதே இல்லியே.”

“அதை விடு. எழுதினது ஆருன்னு தெரியுமா? சுந்தர ராமசாமி. உங்க நாகர்கோவில்ல ஜவுளிக்கடை வச்சிருக்கார்.”

எங்கள் ஊரிலிருந்து பத்துப் பதினொரு கிலோமீட்டர். ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்க நாங்கள் போகும் ஊர். அங்கே துணி கிழித்துக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்து ஒருவர் இதை எழுதியிருக்கிறார். அது 1981-ல் சென்னையில் க்ரியா வெளியீடாக அச்சாகி, திருநெல்வேலிக்காரர் ஒருவர் கைக்குப் போய், அவர் நாகர்கோவில் வந்து திரும்புகிற வழியில் பஸ் மாறி, மரம் விழுந்து, தோவாளை டீக்கடையில் என் கைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் நீளத்தைப் போகவர அளந்துவிட்டுத்தான் அந்த நாவல் பக்கத்து ஊருக்கு வந்தது.

இருட்டும்வரை படித்தேன். டீக்கடைக்காரர் குண்டு பல்பைப் போட்ட பிறகும் படித்தேன். புத்தகக்காரர் திருப்பிக் கேட்கவே இல்லை. கடைசியில் பஸ் வந்து, ஆட்கள் முண்டியடித்து ஏறும் களேபரத்தில்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். படிக்கட்டில் நின்றபடியே, “சென்னைக்கு எழுதிப் போடு, வி.பி.பி.யில் அனுப்புவாங்க” என்றார். அவர் பேரைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குக் கூட இடம் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தமிழில் மிகப் பெரிய உதவி செய்தவர்களில் அவர் ஒருவர்.

எழுதிப் போட்டேன். போஸ்ட்மேன் வி.பி.பி. வந்திருக்கிறது என்று சொன்ன அன்று அப்பாவிடம் கேட்காமல் அம்மாவின் அரிசிப்பானைக் காசில் மீட்டேன். நல்ல தாள், இறுக்கமான கட்டு, பிழையில்லாத அச்சு. ஒரு புத்தகத்தை இவ்வளவு மதித்துச் செய்வார்களா என்று தடவித் தடவிப் பார்த்தேன். பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் என்ற பெயரைப் பின்னாளில்தான் அறிந்தேன். 2020 நவம்பரில், கொரோனா காலத்தில் அவர் மறைந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பார்சல்தான்.

அந்த ஒற்றைப் பிரதி தோவாளையில் கைமாறியது தனிக்கதை. தமிழாசிரியர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்ப் பாதியில் கோபமாகத் திருப்பிக் கொடுத்தார். கல்கியின் சிவகாமி தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று ஜே.ஜே. கேட்பதாக வரும் ஒரே ஒரு கேள்வி அவரைச் சுட்டுவிட்டது. அதே கேள்வியைக் கேட்டு அம்மா மட்டும், “நியாயந்தானே, எத்தனை வருசம்தான் சபதம் போடுவா” என்றார். அம்மா கல்கியின் பக்தை. மருந்துக்கடையில் வேலைபார்த்த நண்பன் மூன்று தடவை படித்தான். பூக்கடைக் குமாஸ்தா ஒருவர் வாங்கிப்போய்த் திரும்பக் கொடுத்தபோது, ஓரமெல்லாம் பூவின் ஈரம் பட்டு ஊதியிருந்தது. அவர்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கிளப்பினார். இந்த ஜே.ஜே. நிஜமாகவே இருந்தவரா?

வெளியூரில் இது இலக்கியச் சந்தேகமாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அது அண்டை வீட்டு விவகாரம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் தோவாளைத் தாலுகா மலையாள ராஜ்யத்தோடுதான் இருந்தது. அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, தோவாளை என்று நான்கு தாலுகாக்களும் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. என் பாட்டா பத்திரத்தை மலையாளத்தில் வாசிப்பார், தேவாரத்தைத் தமிழில் பாடுவார். சுந்தர ராமசாமியே சிறு வயதைக் கோட்டயத்தில் கழித்தவர், தமிழைக் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் எழுதப் படித்தவர், தகழியின் ‘செம்மீ’னைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு மலையாள எழுத்தாளரைப் பற்றி, தேதி போட்டு, வயது போட்டு, சண்டை போட்ட சக எழுத்தாளர்களின் பெயர் போட்டு எழுதினால் எப்படி நம்பாமல் இருப்பது? இரண்டாம் பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகளே இருக்கின்றன. இருந்தவருக்குத்தானே நாட்குறிப்பு?

அந்த ஓணத்துக்குப் பூ லோடோடு திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போன மாமாவிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினோம். ஓண நாளில் தோவாளைக்காரனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கிரேந்தியும் வாடாமல்லியும் அரளியும் மலைபோல் இறங்கும். அதற்கிடையிலும் மாமா ஒரு புத்தகக் கடையைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார்.

“அப்படி ஒரு ஆளு எழுதினதா அங்க ஆருக்கும் தெரியல்ல மருமவனே. ஆனா கடைக்காரரு பேரை எழுதி வச்சுக்கிட்டாரு. விசாரிச்சுச் சொல்லுகேன்னாரு.”

அந்தக் கடைக்காரரும் தேடியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மாதக்கணக்கில் எங்களுக்கு ஜே.ஜே. இருந்தும் இல்லாமலும் இருந்தார். அந்தச் சந்தேகத்தோடு திரும்பத் திரும்பப் படித்ததில்தான் நாவல் எங்களுக்குள் இறங்கியது. இல்லாத ஒரு பெரிய எழுத்தாளரைக் கற்பனை செய்து, அவர் உயரத்தை வைத்து, இருக்கிற நம் உயரத்தை அளக்கிறார் என்பது பிடிபட்டபோது ஏமாற்றம் வரவில்லை. ஜே.ஜே. மாதிரி ஒருவர் தமிழில் ஏன் வரவில்லை என்கிற வருத்தம்தான் பெரிதாக எழுந்தது.

காலத்துக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆற்றூர் ரவிவர்மா ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளை மலையாளத்தில் மொழிபெயர்த்தார். மாமா கேட்டு இல்லையென்று சொன்ன அதே ஊரில், அதே பெயரைச் சொன்னால் இப்போது புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். மலையாளத்தில் இல்லாத மலையாள எழுத்தாளர், தமிழ் வழியாக மலையாளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆ. இரா. வேங்கடாசலபதியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் போனார். சுந்தர ராமசாமி 1988-ல் தொடங்கிய ‘காலச்சுவடு’ பின்னர் பதிப்பகமாக வளர்ந்து, நாகர்கோவிலிலிருந்தே தமிழ் உலகம் முழுவதற்கும் புத்தகம் அனுப்புகிறது. பக்கத்து ஊர் நாவல் பக்கத்து ஊரிலேயே கிடைக்கிறது. 2005 அக்டோபரில் அவர் மறைந்தார். அதுவரைக்கும் ஒருநாளாவது போய்ப் பார்த்துப் பேசும் வாய்ப்பு எனக்கு இருந்தது என்பது இந்த ஊரில் பிறந்ததன் பாக்கியம்.

இப்போது தாமதத்துக்கு வருகிறேன். தம்பி மகளைச் சென்னைக்கு ரயிலேற்ற நாகர்கோவில் ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். வண்டி பிந்தியது. முன்பெல்லாம் ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்கு வழிவிட்டு எங்காவது கிடக்கும். இப்போது இரட்டைப் பாதையும் மின்சாரமும் வந்துவிட்ட பிறகும் எப்போதாவது பிந்தத்தான் செய்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. அவள் போனில் பார்த்து, “இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் பெரியப்பா” என்றாள். சிறிது கழித்து, “முப்பத்தொண்ணு” என்றாள். வண்டி எந்த ஊரைத் தாண்டுகிறது, என்ன வேகம், எல்லாம் அதில் ஓடியது. நடைமேடை முழுக்க எல்லோரும் தங்கள் தங்கள் நிமிடங்களைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இளம்பிள்ளைகள் படிப்பதில்லை என்று சொல்லும் வயதானவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் தம்பி மகள் நான் அந்த வயதில் படித்ததைவிட அதிகம் படிக்கிறாள், மூன்று மொழியில் படிக்கிறாள். எனக்கு உறுத்தியது வேறு. முப்பத்தொரு நிமிடம் என்று தெரிந்துவிட்டால் யாரும் ஒரு நாவலைத் தொடங்கமாட்டார்கள். முப்பத்தொரு நிமிடத்தில் முடிகிற ஏதோ ஒன்றைத்தான் எடுப்பார்கள். அளவு தெரியாத பொழுதுதான் அளவு தெரியாத புத்தகத்துக்குள் ஆளைத் தள்ளும். டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு யாராவது வந்து இன்னும் நாற்பது நிமிடத்தில் பஸ் வரும் என்று சொல்லியிருந்தால், நான் இரவல் வாங்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. அன்றைக்கு அந்த மனிதர் என்ன படிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அட்டை வெளியே இருந்தது. படிப்பது தனிக்காரியம் என்றாலும் புத்தகம் தெருவுக்குத் தெரிகிற பொருளாக இருந்தது. நாகர்கோவில் ஜங்ஷனில் என்னைச் சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருவர் அருமையான ஒரு புது நாவலைப் படித்துக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? எல்லோர் கையிலும் ஒரே மாதிரியான கறுப்பு முதுகு. கேட்கவும் முடியாது. போனை எட்டிப் பார்ப்பது மரியாதைக்கேடு, புத்தகத்தின் அட்டையைப் பார்ப்பது உறவுக்கு ஆரம்பம். நண்பர் சொல்லி, விமர்சனம் படித்து, விருதுப் பட்டியல் பார்த்து நாவல் வாங்கும் வழிகள் இன்று நிறைய இருக்கின்றன. அவையெல்லாம் நமக்குப் பிடிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்ததையே நம்மிடம் கொண்டுவருகின்றன. முன்பின் தெரியாத ஒருவர் கையிலிருந்து, நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு நாவல் நம் மடியில் வந்து விழும் வழி அடைபட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. இதற்காகவே நான் எங்கே காத்திருக்கப் போனாலும், ஆஸ்பத்திரியோ வங்கியோ பஸ் ஸ்டாண்டோ, ஒரு நாவலை அட்டை தெரியும்படி பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறேன். யாராவது பார்த்தால் கொடுத்துவிடுகிறேன். சிலர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வராதவற்றைப் பற்றியும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஜங்ஷனில் அன்று என் கையில் இருந்தது ‘ஜே.ஜே.’, புதிய பதிப்பு. தம்பி மகள் அட்டையைப் பார்த்தாள்.

“இவரு ஆரு பெரியப்பா?”

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. 1982-ல் நான் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்லாமல் புத்தகத்தை நீட்டலாம் என்று எடுப்பதற்குள் அவள் போனில் தட்டிவிட்டாள். “ஓ, கற்பனைப் பாத்திரமா” என்றாள். நாங்கள் ஓணத்து லாரியில் ஆள் அனுப்பித் தேடியது அவளுக்கு அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தேகத்தின் சுவை அவளுக்கு இனி ஒருபோதும் கிடைக்காதே என்று எனக்கு மனம் கனத்தது. இருந்தாலும் புத்தகத்தைப் பையில் வைத்து அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். படித்துவிட்டாளாம். நாட்குறிப்புப் பகுதியை முதலில் படித்துவிட்டு, அப்புறம் வரலாற்றைப் படித்தாளாம். அப்படி யாரும் படித்து நான் கேட்டதில்லை.

“பெரியப்பா, அவரு இல்லைன்னு எனக்கு முதல்லயே தெரியும்லா. அதனால ஜே.ஜே.யைப் பத்தி யோசிக்கவே இல்லை. பாலுவைப் பத்திதான் யோசிச்சேன். இல்லாத ஒருத்தரை இவ்வளவு தேடுறாருன்னா, அவருக்கு இங்க பேச ஆளே இல்லாம இருந்திருக்கு. நீங்க பாலுவைப் பத்திச் சொல்லவே இல்லியே?”

நாங்கள் அத்தனை பேரும் ஜே.ஜே.யைத் தேடிக்கொண்டே இருந்ததில் பாலுவைத் தாண்டிப் போயிருந்தோம். வீட்டில் என்னிடம் பிரதி இல்லை. மறுநாள் காலை நாகர்கோவிலுக்குப் போய் இன்னொன்று வாங்கினேன். பாலுவுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.